ஒரு மடக்குத் தண்ணீர்

வெள்ளரிக்கோட்டையில், செய்த நல்லதைச் செய்தவரே வாய்விட்டுச் சொன்னால் அது செய்யாததாகிவிடும் என்கிற விஷயம் பங்குனிக் கொடை முடிந்த மறு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. ஏன் அன்றைக்கு, ஏன் அந்த ஊரில் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை, ஏனென்றால் அதே செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் மைக் பிடித்த தலைவர் ஒருவர் "உங்களுக்காக நான் கட்டிக் கொடுத்த இந்த நிழற்குடை" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிப்பதற்குள் நிழற்குடை இல்லாமல் போய், அதன் கீழே பெஞ்சில் இருந்த மூன்று பெண்கள் வெயிலில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பஸ் வந்ததும் மூவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

ஊர் மெல்லப் பழகிக்கொண்டது. கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெயர் எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள், எழுதினாலும் சொன்ன கணக்குத்தான் போல, துடைத்த பிறகே விளக்கு எரிந்தது. 'உன்னப் படிக்க வச்சதே நான்தாம்ல' என்று தம்பியிடம் சொல்லிக்காட்டிய பலசரக்குக் கடைக்காரர், மறுநாள் காலை தம்பி பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் நிற்பதைப் பார்த்துத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்; அந்தத் தம்பி நாற்பது வயதில் சிலேட்டு வாங்கி அகரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சாக்கடைக்குள் விழுந்த மாட்டைத் தன் மகன் தூக்கிவிட்டதை ஒரு அப்பா டீக்கடையில் பெருமையடிக்கப் போக, அந்த மாடு பின்னங்கால்கள் மட்டும் சாக்கடைக்குள் இறங்கி நின்றது. அதிலிருந்து, செய்தவரின் தாய் தகப்பன் சொன்னால் பாதி அழியும் என்று ஊர் தெரிந்துகொண்டது. நல்லதைப் பெற்றுக்கொண்டவர் சொன்னால் மட்டும் எந்தச் சேதமும் இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆகவே செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், பெற்றுக்கொண்டவர்கள் வாயைத் திறந்தார்கள், மாமியார்கள் பாடுதான் கொஞ்சம் கஷ்டமாகப் போனது.

இப்படிப்பட்ட ஊரில்தான், சேவை மனமும் நல்ல குணமும் உள்ள ஒரு பிள்ளைக்கு மேல்படிப்பு முழுவதையும் ஏற்றுக்கொள்கிற, காலமான கம்பவுண்டர் ஒருவர் விட்டுப்போன பணத்தில் நடக்கிற 'கம்பவுண்டர் படிப்புதவி' இருந்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளை. அதற்கென்று வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை சாட்சி நாள் என்று வைப்பார்கள். விண்ணப்பித்த பிள்ளைகள் பள்ளிக்கூட மேடையில் வரிசையாக நிற்பார்கள், ஆசையில் எதையாவது உளறிக் கொட்டிவிடக் கூடாதே என்று ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க நிற்பார்கள். அந்தப் பிள்ளையால் பலன் கண்டவர்கள் கீழேயிருந்து எழுந்து சொல்வார்கள். தண்ணீரை விழுங்கினாலோ துப்பினாலோ அந்தப் பிள்ளை இறங்கிவிட வேண்டியதுதான். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஊர்க்காரர்கள் ஒருநாளும் சிரித்ததில்லை.

சில வருஷம் இப்படியே போன பிறகு, செத்துப்போன அந்தக் கம்பவுண்டரின் மகன் ரிச்சர்ட் முப்பது வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து படிப்புதவியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன், ஆனால் ஊரின் இந்த விஷயத்தில் நம்பிக்கை இல்லாத மனுஷன். அழகாக ஒரு படிவம் அச்சடித்தார், அதில் ஏழாவது கட்டம்: 'நீங்கள் செய்த சேவைகளை நீங்களே விவரிக்கவும்.' தலைமையாசிரியை ஞானசெல்வம் டீச்சர் ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னதற்கு, "சொன்னாத்தானே டீச்சர் தெரியும்?" என்று சிரித்தார். இழுத்துப் பிடித்துப் பேசியதில் கடைசியாக இறங்கி வந்தார்: சாட்சி உள்ளவர்களுக்குப் பழைய முறையே இருக்கட்டும், சாட்சி இல்லாத பிள்ளைகள் மட்டும் மேடையில் தாங்களே சொல்லட்டும்.

பால்வாடி ஆயா செல்லக்கனி இந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சோறு தின்னவில்லை.

மூன்று மாதம் முந்தி, மாசியில் ஒரு புதன்கிழமை, பால்வாடி டீச்சர் கூட்டத்துக்குப் போயிருந்த மத்தியானம், ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்துவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் எல்லாம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. வரிசையில் பையை வைத்துவிட்டு வந்துவிடுவோம் என்று செல்லக்கனி போனாள், பத்தே நிமிஷம். திரும்பி வந்து பார்த்தபோது பின்வாசல் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொன்றுதான் பாயில் இருந்தது. குளத்துக்கு எப்படி ஓடினாள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. படித்துறையில் சைக்கிள் ஒன்று கீழே கிடந்தது, பக்கத்தில் பீடி சுற்றும் அன்னபாக்கியத்தின் மகள் பியூலா, பள்ளிக்கூடச் சுடிதாரோடு முழுக்க நனைந்துபோய், நாலு வயசு தன்ஷிகாவை மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். "துப்பிரு தங்கம், துப்பிரு, ஒண்ணுமில்ல, துப்பிரு."

பிள்ளை தண்ணீரைக் கக்கிவிட்டு வீரிட்டு அழுதது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் அழுகையை அமர்த்தியவள், அன்றைக்கு அந்த அழுகை நிற்கவே கூடாது என்று கும்பிட்டாள்.

பிறகு செய்ததுதான் அவளுடைய பாவம். தன்ஷிகாவுக்கு வேறு கவுன் மாட்டி, அம்மாக்காரி சாயங்காலம் வந்தபோது, "குழாயத் தொறந்து விளையாடி நனைச்சிட்டா, சேட்டக்காரி" என்று சிரித்தாள். பியூலா சைக்கிளை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் முடியாது. விஷயம் வெளியே வந்தால் செல்லக்கனிக்கு வேலை போய்விடும். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டதும், ஊருக்குள் நாலு பேர் அவளைக் கூப்பிட்டுப் பேச வைத்ததும் அந்த வேலைதான். காலையில் வாசலில் இறக்கிவிடும் பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

இப்போது பியூலாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும், அன்னபாக்கியம் ராப்பகலாகப் பீடி சுற்றினாலும் அந்தப் பீஸைக் கட்ட முடியாது. படிப்புதவி கிடைத்தால் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு உட்கார்ந்து பீடித்தட்டைப் பிடிக்கிற பிள்ளைக்கு ஊர் சேவை செய்ய ஏது நேரம்? அவள் செய்தது அந்த ஒன்றுதான், அதைச் சொல்லக்கூடிய ஆளும் உலகத்தில் ஒருத்திதான்.

சாட்சி நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை தெருக்குழாயில் பியூலாவைப் பிடித்தாள் செல்லக்கனி.

"ஏட்டி பியூலா, அந்த ஏழாவது கட்டத்துல என்னத்த எழுதுன?"

"ஒண்ணும் எழுதல கனியத்தே. கோடு போட்டுட்டேன்."

"உங்கம்மைக்குத் தெரியுமா?"

"எது?"

"அதான்... அன்னைக்கு உள்ளது."

"எங்கம்மைட்ட சொன்னா அவ பெருமையா நாலு பேருட்ட சொல்லிருவா. பாதிப் பிள்ளைல்லா தண்ணிக்குள்ள போவும்," என்றாள் பியூலா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. 

"நாளைக்கு உனக்கு யாருட்டி சாட்சிக்கு வாறா?"

பியூலா அவளைப் பார்த்தாள். குறை சொல்கிற பார்வையாக இருந்திருந்தால்கூடத் தேவலை. "தெரியல அத்தே. யாராவது வருவாவ," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் சிந்தாமல் நடந்து போனாள். நீங்க வாங்க என்று அவள் கேட்டிருந்தால் செல்லக்கனி கோபப்பட்டிருக்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கலாம். கேட்காமல் போனவளை என்ன செய்வது?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. செல்லக்கனி நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள், எழுந்து போய்விடுவதற்கு வசதியாக. கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலியில் தன்ஷிகாவின் அம்மா வந்து உட்கார்ந்தாள். "கனியக்கா, இவ உங்களக் கண்டதும் நாலு தெருவுக்குக் கேக்க ஆயா ஆயான்னு கத்துதா" என்று பிள்ளையைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்தாள். பிள்ளை ரெட்டைச் சடையும் மஞ்சள் கவுனுமாக, கனமாக, சூடாக உட்கார்ந்துகொண்டது.

மேடையில் ஐந்து பிள்ளைகள். ஞானசெல்வம் டீச்சர் செம்பிலிருந்து ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றினார். முதல் பையன் நவீன்ராஜுக்குப் பதினாலு பேர் எழுந்தார்கள். வெள்ளத்தின்போது சோறு கொண்டு வந்தான், ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தான், எல்லாம் நெஜம்தான், பொய்யில்லை. அவன் கன்னம் உப்பி, காது சிவந்து நின்றான். அடுத்த மூன்று பேருக்கும் மூன்று, நான்கு என்று சாட்சிகள் வந்தார்கள். கடைசியாக நின்றவள் பியூலா.

"பியூலாவுக்கு யாராவது உண்டுமா?" என்று டீச்சர் கேட்டார்.

மைதானம் தன்னைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டது. செல்லக்கனி எழப்போவதுபோல முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள், மடியில் இருந்த பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

"யாராவது உண்டுமா?" இரண்டாவது தடவை.

எழுந்திரு மூதேவி, என்று செல்லக்கனி தனக்குள் சொன்னாள். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் தன்ஷிகாவின் அம்மா, "பாவம் இந்தப் பிள்ள, ஒருத்தருமில்லயே" என்று உச்சுக்கொட்டினாள். மூன்றாவது தடவையும் கேட்டு முடித்தாயிற்று.

ரிச்சர்ட் மைக்கை வாங்கினார். "பரவாயில்ல. அதுக்குத்தான் இந்த வருஷம் வழி வச்சிருக்கோம். தண்ணிய அந்தப் பக்கம் துப்பிட்டு, நீ என்ன செஞ்சேன்னு நீயே சொல்லும்மா. கூச்சப்படாத."

பியூலா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூக்கால் மூச்சு வாங்கினாள். அவள் பார்வை நாலாவது வரிசையில், செல்லக்கனியின் முகத்தில் இல்லை, மடியில் இருந்த மஞ்சள் கவுனில் இருந்தது.

"சொல்லுட்டி!" பின்வரிசையிலிருந்து அன்னபாக்கியம் எழுந்தாள், பீடி இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு. "எதையாவது சொல்லிருட்டி, திங்கக்கெழம போச்சுன்னா போச்சுட்டி! என்ன மாதிரி இலையோடவா கெடக்கப் போற? வாயத் தொறட்டி!" அவள் அழுதாள், ஊர் முன்னால் அவள் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பியூலாவின் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது, வாயில் இருந்தது மட்டும் இறங்கவில்லை. அப்போதுதான் தன்ஷிகா செல்லக்கனியின் மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடியது. மேடைப் படியில் தவழ்ந்து ஏறி, உப்பின கன்னத்தோடு அழுதுகொண்டு நின்ற அக்காவை அண்ணாந்து பார்த்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, குட்டிக் கையால் அவள் முதுகில் தட்டத் தொடங்கியது.

"துப்பிரு தங்கம், துப்பிரு, ஒண்ணுமில்ல, துப்பிரு."

தண்ணீர் முழுவதும் மேடையில் கொட்டியது. கூட்டம் "ஐயோ" என்றது. வாய் திறந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றும் இல்லை, அம்மா அழுதுகொண்டிருக்கிறாள், திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. பதினேழு வயசுப் பிள்ளை எவ்வளவுதான் தாங்கும்? "நான்..." என்று அவள் தொண்டையிலிருந்து ஒரு சொல் வந்தது. "நான் அன்னைக்கு..."

மஞ்சள் கவுனின் விளிம்பு நனைந்தது. சிந்தின தண்ணீர்தான் என்று முன்வரிசைக்காரர்கள் நினைத்தார்கள். ஒரு மடக்குத் தண்ணீர் எவ்வளவு நனைக்கும்? ஈரம் கவுனில் மேலே ஏறியது, இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, இரட்டைச் சடை நுனியிலிருந்து சொட்டத் தொடங்கியது, பாசியும் குளத்து வாடையும் மேடையிலிருந்து கிளம்பிக் கூட்டத்துக்குள் வந்தது, பிள்ளை மூச்சுக்குத் திணறி ஒரு விக்கல் விக்கியது. பியூலா கண்டுவிட்டாள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேச்ச நிறுத்தாத, சொல்லும்மா" என்றார் ஒன்றும் புரியாத ரிச்சர்ட்.

"அவ சொல்ல மாட்டா!" செல்லக்கனி எப்போது எழுந்தாள், எப்போது நாற்காலிகளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "நான் சொல்லுதேன். நான்தான் சாட்சி. மாசி மாசம் இந்தப் பிள்ளையத் தூங்கப் போட்டுட்டு பாமாயிலுக்குப் பை வைக்கப் போனது நான்தான். பின்வாசக் கொக்கியப் போடாம போனது நான்தான். பிள்ள குளத்துக்குள்ள போயிட்டு. பியூலாதான் சைக்கிளப் போட்டுட்டுக் குதிச்சா. அவதான் தூக்குனா, அவதான் தட்டித் தட்டி உசுரக் கொண்டு வந்தா. குழாய்ல நனைஞ்சான்னு பொய் சொன்னது நான்தான். பிள்ளையோட உசுரையும் என் மானத்தையும் சேத்துக் காப்பாத்திட்டு, இந்தக் குட்டி இத்தன நாளும் வாயத் தொறக்கல. போதுமா? இன்னும் சத்தமாச் சொல்லணுமா?"

அவள் சொல்லச் சொல்ல ஈரம் இறங்கியது. சடை காய்ந்தது, நெஞ்சு காய்ந்தது, கடைசி வார்த்தைக்குக் கவுன் விளிம்பும் காய்ந்து, தேய்த்து மாட்டினது போல மொடமொடவென்று நின்றது. பிள்ளை ஒன்றுமே நடக்காததுபோல மேடையில் கிடந்த மைக் வயரை எட்டிப் பிடித்தது. ரிச்சர்ட் குனிந்து கவுனைத் தொட்டுப் பார்த்தார், பிறகு தன் விரலை மோந்து பார்த்தார், பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தன்ஷிகாவின் அம்மா மேடைக்கு வந்தாள். முதலில் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். பியூலாவின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அதன் பிறகு இறங்கி வந்து, செல்லக்கனியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். செல்லக்கனி கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அது அவளுக்கு வர வேண்டியதுதான்.

தண்ணீரைத் துப்பிய பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் சட்டம் பேசினார். தானாகத் துப்பினால்தான் துப்பினது, முதுகில் தட்டித் துப்ப வைத்தால் அது துப்பினதாகாது என்று ஞானசெல்வம் டீச்சர் தீர்ப்புச் சொன்னார். பதினாலு சாட்சிக்காரப் பையன் நவீன்ராஜ் தன் வாய்த் தண்ணீரைத் தானே விழுங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

படிப்புதவி பியூலாவுக்குக் கிடைத்தது. செல்லக்கனிக்கு வேலை போயிற்று. அன்னபாக்கியம் அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டுக் கொடுத்தாள், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றினார்கள். காலையில் பால்வாடிப் பிள்ளைகளின் சத்தம் தெருவில் போகும்போது செல்லக்கனிக்கு விரல் ஓடாது. ஆத்திரம் வருகிற நாட்களும் இருந்தன, என் சோத்தைக் கொடுத்துத்தான் உன் மகளைப் படிக்க அனுப்பியிருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்து நிற்கும். சொன்னால் அடுத்த நிமிஷம் பியூலா கல்லூரி வாசலுக்கு வெளியே பையோடு நிற்பாள். செல்லக்கனி இலையை நனைக்க வைத்திருக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். சோற்றை இழந்தது பெரிசில்லை, அதை ஒருத்தரிடமும் சொல்லி ஆற முடியாது என்பதுதான் பெரிசு.

முதல் லீவுக்கு வந்துவிட்டுப் பியூலா திரும்பிப் போகிற அன்றைக்கு, செல்லக்கனி வழியனுப்ப பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தாள். நிழற்குடை இல்லாத அந்த வெயிலில் ஊரில் பாதிப்பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். கொஞ்சம் தள்ளித் தன்ஷிகாவின் அம்மாவும் நின்றாள், பார்த்தும் பார்க்காததுபோல. "சாப்பிட்டியாட்டி?" என்று மட்டும் செல்லக்கனி கேட்டாள்.

"சாப்ட்டேன் அத்தே."

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, கண்டக்டர் கத்துவதையும் பொருட்படுத்தாமல், பியூலா தொண்டை கிழியக் கத்தினாள்: "எல்லாரும் கேட்டுக்கோங்க! என்னப் படிக்க வைக்கது எங்க கனியத்ததான்! அவிய வேலயக் குடுத்துத்தான் நான் படிக்கேன்! லீவுக்கு வாறப்பல்லாம் இதச் சொல்லுவேன், கேட்டுக்கோங்க!"

ஊர் முழுக்கத் திரும்பி செல்லக்கனியைப் பார்த்தது, தன்ஷிகாவின் அம்மாவும் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட அவளுக்கு வாய் துடித்தது. அவசர அவசரமாகப் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் ஊற்றி அடக்கிக்கொண்டு, கன்னம் உப்பி, கண்ணிலிருந்து மட்டும் கொட்டக் கொட்ட, பஸ் திருப்பத்தில் மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.